இரண்டு கோப்பைத் தேத்தண்ணி

1

போன வாரம் வேலைத்தலத்தில் இடைவேளை விட்டபோது கைபேசியை எடுத்துப் பார்த்தேன். மருதமுனையில் நான் முன்பு படிப்பித்த பாடசாலையிலிருந்து ஒரு செய்தி. எங்கள் பழைய அதிபர் மீராலெவ்வை சேருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் நான் எழுத வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: 'மேலதிகாரியோடு நல்லுறவைக் கட்டியெழுப்புதல்.' ஊர் அனுபவத்தையும் வெளிநாட்டு அனுபவத்தையும் ஒப்பிட்டு எழுதினால் புதிதாக நியமனம் கிடைத்த ஆசிரியர்களுக்குப் பிரயோசனமாக இருக்குமாம். கீழே 'இங்கிலாந்தில் படிப்பிக்கும் எங்கள் நஸீஹா டீச்சர்' என்று பெயரையும் போட்டு, படத்துக்குக் கட்டமும் விட்டு, ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள்.

வாசித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த போலந்துக்காரி என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்கும் எனக்கும் தலையில் ஒரே வலைத்தொப்பி, கையில் ஒரே நீல உறை. பாணுக்கு நடுவே கோழியும் வெள்ளரிக்காயும் வைத்துப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலை இது. குளிர் அறைக்குள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. என்னுடைய இப்போதைய மேலதிகாரிக்கு என் மகளைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். அவனோடு உறவு மிகவும் நன்றாக இருக்கிறது, ஏனென்றால் அவனுக்கு என் பெயர் தெரியாது.

ஊரில் இது யாருக்கும் தெரியாது. கூடப் பிறந்த தங்கைக்கே சொல்லவில்லை. அவள் தொலைபேசி எடுத்தால் 'ஸ்கூல் எப்படி?' என்று கேட்பாள். நான் இங்குள்ள மழையைப் பற்றிக் கதைப்பேன். எனக்கும் மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. கேட்டது நீங்கள். ஆகவே எழுதுகிறேன்.

2

மீராலெவ்வை சேரைத் தெரியாதவர்களுக்கு முதலில் அவரைச் சொல்ல வேண்டும். குள்ளமான மனிதர். எந்த வெயிலிலும் முழுக்கை வெள்ளைச் சட்டை. காலையில் பாடசாலை வாசலில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே நிற்பார். பிந்தி வருகிற ஆசிரியரை ஒரு வார்த்தை கேட்கமாட்டார், தன் மணிக்கூட்டை மட்டும் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் பிள்ளைக்குப் பால் கொடுத்த கையோடு ஓடி வந்திருக்கிறேன். கோபம் வந்தால் பொல்லாத மனிதர். ஆனால் ஆசிரியரைப் பிள்ளைகளுக்கு முன்னாலோ வெளியாருக்கு முன்னாலோ ஏசியதில்லை.

அவரும் எங்களுக்காக அப்படி இருந்தார், நாங்களும் அவருக்காக அப்படி இருந்தோம். எங்கள் ஆசிரியர் அறையில் அதற்குத் 'தோள் குடுக்கிறது' என்று பெயர். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து குழு வரும். ஏதாவது குறை பிடிப்பார்கள். அந்தக் குறை அதிபருடையதாக இருந்தால் ஆசிரியரில் ஒருவர் எழும்பி, அது என் பிழை சேர், நான்தான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். யாரும் யாரையும் கேட்பதில்லை. யாருக்கு வாய் முந்துகிறதோ அவர். பாடசாலையின் மானம் அதிபரின் முகத்தில் இருக்கிறது, ஊரார் முன்னால் அந்த முகம் கறுக்கக் கூடாது என்பது எங்கள் நினைப்பு.

ஒரு முறை அந்த வாய் என்னுடையதாக இருந்தது. நோன்பு மாதம். பள்ளிவாசலுக்கு வந்த கஞ்சி அரிசி மூட்டைகளை வைக்க இடமில்லை என்று நிர்வாகத்தினர் வந்து கேட்க, சேர் எங்கள் விஞ்ஞான ஆய்வுகூடத்தைத் திறந்து விட்டிருந்தார். சாவி அவரிடம். அந்தத் தவணை முழுக்க ஒரு செய்முறைகூடச் செய்ய முடியவில்லை. பெருநாள் முடிந்து குழு வந்தது. கல்விப் பணிப்பாளர் பிள்ளைகளின் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, செய்முறை எங்கே என்று கேட்டார். சேரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆய்வுகூடத்துச் சாவியை நான்தான் கேட்டு எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அன்று வாங்கின ஏச்சு! சம்பளம் எதற்கு எடுக்கிறாய் என்பதில் தொடங்கி, உன் பிள்ளைக்கு இப்படி ஒரு டீச்சர் கிடைத்தால் விடுவாயா என்பது வரை கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர்களின் வாகனம் வாசலைத் தாண்டியதும் ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சேர் வந்தார். எல்லோருக்கும் தேத்தண்ணி சொல்லியிருந்தார். தட்டைத் தானே வாங்கி, முதல் கோப்பையை எடுத்து என் கையில் தந்தார். பக்கத்தில் இருந்த மூத்த டீச்சர் என் தொடையில் கிள்ளி, "முடிஞ்சி புள்ள. இனி ஒண்டும் வராது" என்று காதுக்குள் சொன்னா.

அவ சொன்னபடியே ஒன்றும் வரவில்லை. விளக்கம் கேட்டுக் கடிதமில்லை, கோப்பில் ஒரு வரியில்லை. இரண்டு வருடம் கழித்து என்னைக் கோமாரி ஊருக்கு இடமாற்றியபோது, சின்னப் பிள்ளையோடு அந்தத் தூரம் எப்படிப் போவேன் என்று நான் அழ முன்னமே சேர் அலுவலகத்துக்குப் போய் அதை இரத்துச் செய்வித்துக்கொண்டு வந்தார். மேலதிகாரியோடு நல்லுறவு என்றால் இதுதான் என்று நான் நம்பினேன். தோள் கொடுத்தால் போதும், மீதி தானாக நடக்கும்.

3

இங்கே வந்த முதல் வருடங்களை விரிக்க மாட்டேன். என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் பின்னால் வந்தோம். என் சான்றிதழ்களை ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்பியது, அந்த அலுவலகம் மொழிபெயர்த்துக் கொண்டு வா என்றது, மொழிபெயர்த்துக் கொண்டு போனால் மொழிபெயர்த்தவரின் முத்திரை சரியில்லை என்றது. பாடசாலையில் மதியச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்க்கிறவளாகச் சேர்ந்தேன். பிறகு வகுப்பு உதவியாளர். வேலை செய்துகொண்டே படித்து, பரீட்சை எழுதி, கடைசியில் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஆசிரியை ஆனேன். அந்தச் செய்தியைச் சொன்னபோது உம்மா உயிரோடு இருந்தா. ஊரெல்லாம் சீனி பகிர்ந்தாவாம்.

அந்த ஏணியில் ஒவ்வொரு படிக்கும் கை தந்தது தலைமை ஆசிரியை ஹெலன். இதை நான் மறைக்கக் கூடாது. என்னைப் படிக்கச் சொன்னதும், சிபாரிசு எழுதியதும் அவதான். உம்மா மௌத்தான அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, எங்களோடு நிலத்திலே உட்கார்ந்து, எனக்குப் பேச்சு வரும்வரை பக்கத்தில் இருந்தா. பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்று எத்தனையோ தரம் சொன்னா. எனக்கு நாக்கு வரவில்லை. மேலதிகாரியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட எந்த உம்மா பெற்ற பிள்ளைக்கு மனம் வரும்? 'மிஸ் ஹெலன்' என்றுதான் கடைசி வரை கூப்பிட்டேன். மற்ற ஆசிரியர்கள் சிரிப்பார்கள்.

நானும் என் பங்கைச் செய்தேன். எல்லோருக்கும் முன்னால் போய் வகுப்பைத் திறப்பேன். பெருநாளைக்கு ஆசிரியர் அறைக்கு ரோல்ஸும் பெட்டிஸும் கொண்டுபோவேன். ஹெலன் எந்தக் கூட்டத்தில் எதைச் சொன்னாலும் முகம் சுளிக்கமாட்டேன். அவ எனக்கு நல்ல அதிபர், நான் அவவுக்கு நல்ல டீச்சர் என்று அல்லாஹ் அறிய நம்பியிருந்தேன்.

4

சம்பவம் சின்னது. என் வகுப்பில் லியோ என்று ஒரு சின்னவன். தாயும் தகப்பனும் பிரிந்திருந்தார்கள். பின்நேரம் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாய் வருவாள், சில நாள் தகப்பனின் தம்பி வருவார். இரண்டு பேரும் அனுமதிக்கப்பட்டவர்கள். ஒரு நாள் காலை தாய் வாசலில் தலைமை ஆசிரியையைக் கண்டு, இன்றிலிருந்து என்னைத் தவிர யாரிடமும் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் ஏதோ பெரிய சண்டை. ஹெலன் தலையாட்டியிருக்கிறா. அதே நேரம் யாரோ தொலைபேசியில் கூப்பிட, உள்ளே போனவ அதை மறந்துவிட்டா. எனக்குச் சொல்லவில்லை.

பின்நேரம் சிறிய தகப்பன் வந்தார். வழமைபோல் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் தாய் வந்தாள். பிள்ளை இல்லை என்றதும் அவள் நிலத்தில் விழுந்து கத்தியது இன்றும் என் காதில் கிடக்கிறது. பொலிஸ் வந்தது. பொழுது படுவதற்குள் பிள்ளையை அவனுடைய மாமியின் வீட்டில் கண்டுபிடித்தார்கள். கேக் தின்றுகொண்டு இருந்தானாம். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

மறுநாள் நகரசபையிலிருந்து ஒரு அதிகாரி வந்தா. ஹெலனின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். தாய் உங்களிடம் சொன்னதாகச் சொல்கிறாள், நீங்கள் அதை வகுப்பு ஆசிரியையிடம் சொன்னீர்களா என்று அதிகாரி ஹெலனைக் கேட்டா. ஹெலன் வாயைத் திறந்தா. சத்தம் வரவில்லை. கழுத்து சிவந்துகொண்டு வந்தது. எனக்கு அந்தக் கழுத்தை முன்பே தெரியும். அது வெள்ளைத் தோல், மற்றது கறுத்த தோல், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அவ சொன்னா. நான்தான் மறந்துவிட்டேன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திவிட்டது. அதிகாரி பேனையை எடுத்து எழுதினா. எழுதி முடித்துவிட்டு, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றா. சொன்னேன். பிறகு ஹெலனைப் பார்த்தா. ஹெலன் என்னைப் பார்த்தா, மேசையைப் பார்த்தா, மறுபடி என்னைப் பார்த்தா.

"உங்கள் நேர்மைக்கு நன்றி" என்றா ஹெலன்.

5

அதிகாரி போன பிறகு ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்தேன். ஊரில் அன்று உட்கார்ந்த மாதிரியே. ஹெலன் வந்தா. கதவைச் சாத்தினா. கேத்தலைப் போட்டா. கோப்பையை எடுத்து, பால் விடாமல், இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி என் கையில் தந்தா. நான் பிளேன்டிதான் குடிப்பேன் என்பது அவவுக்கு நினைவிருந்தது. தோளில் கையை வைத்தா. இன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போ என்றா.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விளங்கிவிட்டது இவவுக்கு என்று நினைத்தேன். கடல் தாண்டி வந்தாலும் நல்ல அதிபர் நல்ல அதிபர்தான் என்று நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது மனம் இலேசாக இருந்தது. இவரிடம் சொன்னேன், தேத்தண்ணி தந்தா, இனி ஒன்றும் வராது என்று. இவரும் சாய்ந்தமருதில் ஒரு அதிபரின் மகன்தானே. அவரும் ஆறுதலாகத் தலையாட்டினார்.

மகள் ஸைனப் மட்டும் சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பி வந்து நின்றாள். இங்கே வரும்போது மூன்று வயது, இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போக நிற்கிறாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள் வாயில் முழுத் தமிழ் வசனம் வருவது பெருநாளைக்குத் தொலைபேசியில் சாச்சிக்கு ஸலாம் சொல்லும்போதுதான். அன்றைக்கு வந்தது.

"உம்மா, நீங்க பொய்தானே சொன்ன?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உனக்கு இதெல்லாம் விளங்காது, போய்ப் படி என்றேன். அதைப் பொய் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை. பிறகு அவள் ஆங்கிலத்தில் நிறையச் சொன்னாள். தொழிற்சங்கத்துக்கு உடனே சொல்ல வேண்டும், நாளைக்கே போய் மாற்றிச் சொல்ல வேண்டும் என்றாள். சும்மா இரு, நாளைக்கு அவ பார்த்துக்கொள்வா என்றேன்.

நாளைக்கு வந்தது மின்னஞ்சல். விசாரணை முடியும்வரை என்னை வேலையிலிருந்து இடைநிறுத்தியிருந்தார்கள். பாடசாலைப் பக்கம் வரக்கூடாது, அங்குள்ள யாரோடும் தொடர்பு வைக்கக்கூடாது. கீழே ஹெலனின் கையெழுத்து.

6

இதில் என்னைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். அந்தக் கையெழுத்தைப் பார்த்தும் எனக்கு நம்பிக்கை போகவில்லை. பணிப்பாளர் ஏசும்போது மீராலெவ்வை சேரும் பேசாமல்தானே நின்றார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளிக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று. வெளிக்கு அவ கையெழுத்துப் போடத்தானே வேண்டும். காலையில் எழும்பி, பாடசாலைக்குப் போகிற உடுப்பை உடுத்து, குசினிக்குள் உட்கார்ந்திருப்பேன். தபால்காரன் கதவில் எதையாவது போட்டால் ஓடிப் போவேன். மின்சாரக் கட்டணமாக இருக்கும்.

கடையில் ஒரு நாள் லியோவின் தாயைக் கண்டேன். பால் எடுக்கக் கையை நீட்டியவள் என்னைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்த முகத்தில் இருந்த வெறுப்பை நான் அதுவரை எந்த மனிதரின் முகத்திலும் கண்டதில்லை. அவளுக்கு நான் யார்? அவள் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மறந்துவிட்டேன் என்று சொன்ன பொம்பளை. ஊரில் நான் தோள் கொடுத்தது அரிசி மூட்டைக்கு. இங்கே கொடுத்தது ஒரு தாயின் வயிற்றெரிச்சலுக்கு. அந்த வித்தியாசம் எனக்கு அந்தப் பால் பெட்டிக்கு முன்னால்தான் விளங்கியது. வெட்கமாக இருந்தது.

விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று முதலில் ரோசம் வந்தது. விசாரணை அன்று அந்த அறைக்குள் போனபோது, கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. முதல் கேள்விக்கே 'யெஸ்' என்பதற்குப் பதிலாக ஊர் வழக்கில் 'ஓம்' என்று சொல்லிவிட்டேன். விசாரணைக் குழுவின் நடுவில் இருந்தவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

ஹெலன் எனக்கு முன்னால் சாட்சி சொன்னா. அந்தக் காலை வகுப்புக்கு வந்தாவாம். நான் பிள்ளைகளின் குளிர்ச்சட்டைகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு நின்றேனாம். தாய் சொன்னதை எனக்கு விளக்கமாகச் சொன்னாவாம், நான் தலையாட்டினேனாம். நான் அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். கழுத்து சிவக்கவில்லை. குரல் நடுங்கவில்லை. அவ பொய் சொல்கிறாவா, அல்லது நான் கொடுத்த கதையை இத்தனை நாளும் வைத்திருந்து வைத்திருந்து அது உண்மையென்றே நம்பிவிட்டாவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எது மோசம் என்றும் தெரியாது.

என் முறை வந்தபோது உள்ளதைச் சொன்னேன். அவ எனக்குச் சொல்லவில்லை. அவவைக் காப்பாற்றத்தான் அன்று என் பிழை என்று சொன்னேன். எங்கள் ஊரில் அது வழமை. அதிபருக்கு ஆசிரியர் அப்படிச் செய்வது மரியாதை. சொல்லச் சொல்ல அது எனக்கே விசர்க் கதையாகக் கேட்டது.

நடுவில் இருந்தவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். அப்படியென்றால் அன்று அதிகாரியிடம் சொன்னது பொய்யா, இன்று எங்களிடம் சொல்வது பொய்யா? அன்று சொன்னது உண்மையென்றால் நான் கவனயீனமானவள். பொய்யென்றால், ஒரு பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிய விசாரணையில் அதிகாரிக்குப் பொய் சொன்னவள். எந்தப் பக்கம் போனாலும் கதவு இல்லை.

வேலை போய்விட்டது. அது என் பெயரோடு பதிவாகியும் விட்டது. இனி எந்தப் பாடசாலைக்கு விண்ணப்பித்தாலும் அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அத்தனை வருடம் ஏறிய ஏணி. மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலைக்குக்கூட இனி என்னை எடுக்கமாட்டார்கள்.

7

ஸைனப் சனிக்கிழமைகளில் ஒரு சப்பாத்துக் கடையில் வேலை செய்கிறாள். ஒரு நாள் வந்து சொன்னாள், கடைப் பொறுப்பாளர் ஏதோ தவறான விலையைப் போட்டுவிட்டு, மேலே இருந்து வந்தவர்கள் கேட்டபோது விழித்துக்கொண்டு நின்றாளாம். இவளைக் கேட்டார்களாம். அவதான் போட்டா என்று இவள் சொல்லிவிட்டாளாம். அந்தப் பொறுப்பாளர்தான் இவளுக்கு வேலை பழக்கியவள், பிறந்தநாளுக்குக் காதணி வாங்கித் தந்தவள்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன சொல்வேன் என்று பார்க்கிறாள். நல்லது மகள், சரியாகத்தான் செய்திருக்கிறாய் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் மேலே போன பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன். என் பிள்ளை என்னைப்போல் ஏமாறமாட்டாள் என்பது சந்தோசம். என் பிள்ளை யாருக்கும் தோள் கொடுக்கமாட்டாள் என்பதைச் சந்தோசத்தில் சேர்ப்பதா, துக்கத்தில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

8

மலர்க் குழுவினருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கேட்டீர்கள், நீண்டுவிட்டது. எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். கீழே வருவதை மட்டும் வெட்டாதீர்கள்.

எழுத முடியாது என்று சேருக்கு நேரே சொல்லிவிடுவோம் என்று நேற்றுக் காலை தொலைபேசி எடுத்தேன். அங்கே லுஹர் தொழுதுவிட்டு இருந்தார். கண் பார்வை குறைந்துவிட்டதாம், குரல் மட்டும் அப்படியே இருந்தது. பெயரைச் சொன்னதும், "நஸீஹாவா புள்ள, சொகமா?" என்றார். அந்தப் 'புள்ள' என்ற சொல்லோடு நான் உடைந்துவிட்டேன். அழுதுகொண்டே முழுக் கதையையும் சொன்னேன். லியோவை, ஹெலனை, தேத்தண்ணியை, விசாரணையை, இந்தக் குளிர் அறையை. குறுக்கே ஒரு சொல் கதைக்காமல் கேட்டார்.

கடைசியில் நான் சொன்னேன், ஊரில் உங்களுக்கு அந்த ஆய்வுகூடத்துச் சாவிக்காகத் தோள் கொடுத்தபோது ஒன்றும் வரவில்லையே சேர், அதை நம்பித்தான் இங்கேயும் செய்தேன் என்று.

அவர், "ஒண்டும் வராமப் போனது சும்மாவா எண்டு நெனச்ச நீ?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"அடுத்த நாள் சுபஹு தொழுதிட்டு பைக்க எடுத்துக்கிட்டு பணிப்பாளர்ட வீட்டுக்குப் போன நான். அந்தப் புள்ளையில பிழ ஒண்டும் இல்ல, சாவிய வெச்சிருந்தது நான்தான் எண்டு சொன்ன நான். மனுசன் வாசல்ல வெச்சி ஏசினாரு பாரு, வேலைக்காரன ஏசுற மாதிரி. வாங்கிக்கிட்டு வந்த நான்."

அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது: எங்களில் யார் தோள் கொடுத்தாலும் அடுத்த நாள் காலை அவர் போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும். தேத்தண்ணி தந்தது, நாளைக்குப் போகிறேன் என்பதற்காக. நாங்கள் செய்ததைத்தான் பெரிய விசயமாக ஆசிரியர் அறையில் கதைத்துத் திரிந்தோம். அவர் செய்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் வழமை என்று பெட்டிக்குள் கட்டிக்கொண்டு வந்தது அதில் பாதியைத்தான்.

ஏன் சேர் எங்களுக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது, வாழ்க்கையில் முதல் முறையாக அவரிடம் கோபப்பட்டேன்.

"சொல்றதுக்கு என்ன புள்ள கிடக்கு அதுல? தேத்தண்ணி தந்தன்தானே."

தொலைபேசிக்குள் அவர் வீட்டு முற்றத்தில் யாரோ தேங்காய் உரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த ஹெட் டீச்சர் போகவே இல்லியா?"

"இல்ல சேர்."

"ஒருக்காச் சரி போய்ச் சொல்லல்லியா?"

"சொல்லல்ல."

"அப்ப அந்தப் பழி இன்னும் ஒன்ட தலையிலயா கிடக்கு?"

"ஓம் சேர்" என்றேன்.